‘மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு!’ - மீந்த சாப்பாட்டில் மூக்கை நம்பலாமா?

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் சமைத்து, டப்பா டப்பாவாக ஃப்ரிட்ஜில் அடுக்கி, புதன், வியாழன் வரை ஓட்டுவது வேலைக்குப் போகும் பலருக்கு வழக்கமாகிவிட்டது. வெளிச்சாப்பாட்டுச் செலவு மிச்சம், உடம்புக்கும் நல்லது. சாப்பிடும் முன் ஒரே ஒரு சோதனைதான்: மூடியைத் திறந்து மோந்து பார்ப்பது. வாடை வந்தால் குப்பைத்தொட்டி. வரவில்லை என்றால் மைக்ரோவேவில் ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான்.

இந்தச் சோதனையில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. உணவைக் கெடுக்கும் கிருமிகள் வேறு, நம்மை நோயில் தள்ளும் கிருமிகள் வேறு. முதல் வகை புளித்த வாடை, நூல் விடுவது, நிறம் மாறுவது என்று ஏதாவது ஓர் அடையாளம் காட்டும். இரண்டாம் வகையில் பல, உணவின் வாசனையையோ ருசியையோ மாற்றாமலேயே பெருகிவிடும். அப்படியென்றால் எதைப் பார்க்க வேண்டும்? கடிகாரத்தை!

சாதத்துக்குள் என்ன நடக்கிறது?

நாம் தினமும் சாப்பிடும் சாதத்தையே எடுத்துக்கொள்வோம். மண்ணில் இயல்பாக வாழும் ‘பேசிலஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியா, அரிசியோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். பாக்டீரியா என்றால் கொதிக்கும் தண்ணீரில் செத்துப்போக வேண்டும் அல்லவா? இது சாகாது. சூழல் சரியில்லை என்றால் கெட்டியான உறை போட்டுக்கொண்டு, விதை மாதிரி தூங்கும். இந்த நிலைக்கு ‘ஸ்போர்’ என்று பெயர். அரிசியை எத்தனை முறை கழுவினாலும் முழுக்கப் போகாது, உலை கொதித்தாலும் பல ஸ்போர்கள் தப்பிவிடும்.

சாதம் வடித்து இறக்கியதும்தான் ஆட்டம் ஆரம்பம். சூடு மெல்லத் தணியத் தணிய, ஈரமும் மாவுச்சத்தும் நிறைந்த சாதம் அந்த ஸ்போர்களுக்கு நல்ல விளைநிலமாகிறது. அவை முளைத்து, பெருகத் தொடங்கும். சாதகமான சூட்டில் பாக்டீரியாக்கள் 20 நிமிடத்திலேயே இரட்டிப்பாகக்கூடும். அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் ஒன்று, ஒரு மணி நேரத்தில் 8 ஆகும். ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

அப்படிப் பெருகும்போது இதில் சில ரகங்கள் ‘செரியுலைட்’ என்ற நச்சை உணவிலேயே விட்டுவிடுகின்றன. முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. திரும்பச் சூடு பண்ணினால் பாக்டீரியா சாகும். ஆனால் இந்த நச்சு போகாது. மைக்ரோவேவை விடுங்கள், பிரஷர் குக்கர் சூட்டையே தாங்கக்கூடியது அது.

‘நல்லா கொதிக்க வச்சுட்டா எல்லாம் செத்துடும்’ என்ற நம்பிக்கை இந்த இடத்தில் பலிக்காது. சீழ்பிடித்த காயம், மூக்கு, தோல் ஆகியவற்றிலிருந்து கை வழியாக உணவுக்குப் போகும் ‘ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்’ பாக்டீரியாவின் நச்சும் இதே மாதிரி சூட்டுக்கு அசராத ரகம்தான்.

செரியுலைட் கலந்த உணவைச் சாப்பிட்ட அரை மணி நேரம் முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி ஆரம்பிக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளில் சரியாகிவிடும். ‘ஏதோ சேரல’ என்று சொல்லிவிட்டு மறந்தும்விடுவோம்.

1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்ட பலர் இப்படி வாந்தி எடுத்த சம்பவங்கள் அடுத்தடுத்துப் பதிவாயின. காரணம், சாதத்தை மொத்தமாக வடித்து வெளியிலேயே வைத்துவிட்டு, ஆர்டர் வரும்போது எடுத்துப் புரட்டிக் கொடுத்ததுதான். அதனால் இதற்கு ‘ஃப்ரைட் ரைஸ் சிண்ட்ரோம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. பாஸ்தா, நூடுல்ஸ், உருளைக்கிழங்கு போன்ற மாவுச்சத்து உணவுகளுக்கும் இதே கதைதான்.

பெல்ஜியத்தில் நடந்த இரண்டு மரணங்கள்

அரிதாக இது உயிரையும் எடுக்கும். மருத்துவ ஆய்விதழ்களில் பதிவான இரண்டு சம்பவங்கள் பெல்ஜியத்தில் நடந்தவை.

2003 ஆகஸ்ட்டில் ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை பாஸ்தா சாலட் செய்தது. சனிக்கிழமை அதைப் பிக்னிக்குக்கு எடுத்துப் போனார்கள். மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து, திங்கள் இரவு குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். ஐந்து குழந்தைகளுக்கு உடல்நிலை மோசமானது. அவர்களில் 7 வயதுச் சிறுமி கல்லீரல் செயலிழந்து இறந்துபோனாள். விசாரணையில் தெரியவந்த ஒரு விஷயம்: அந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் வெப்பநிலை 14 டிகிரி செல்சியஸ். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தேவையான குளிர்ச்சி இல்லை.

2008-ல் இறந்தவர் 20 வயது மாணவர். ஐந்து நாட்களுக்கு முன் செய்து, சமையலறையில் வெளியிலேயே இருந்த ஸ்பெகட்டியை மைக்ரோவேவில் சூடு பண்ணிச் சாப்பிட்டார். அரை மணி நேரத்துக்குள் தலைவலி, வயிற்றுவலி, வாந்தி. மறுநாள் காலை அவர் உயிரோடு இல்லை.

இவை மிக அரிதானவை என்பதால் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் சூடு பண்ணுவதும், ஃப்ரிட்ஜ் என்ற பெட்டி வீட்டில் இருப்பதும் மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதற்கு இவை சாட்சி.

5 முதல் 60 வரை: நினைவில் வைக்க வேண்டிய கணக்கு

உலக சுகாதார நிறுவனம் வீட்டுச் சமையலறைக்கு ஐந்து எளிய விதிகளை வகுத்திருக்கிறது. அதில் ஒன்று வெப்பநிலை பற்றியது. 5 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான கிருமிகள் மந்தமாகிவிடும். 60 டிகிரிக்கு மேலே அவற்றால் பெருக முடியாது. நடுவில் இருக்கும் 5 முதல் 60 வரைதான் ஆபத்து மண்டலம். சமைத்த உணவு இந்த மண்டலத்தில் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

நம்ம ஊருக்கு இதில் ஒரு திருத்தம் தேவை. வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு என்கிறது அமெரிக்க வேளாண் துறை. சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் வெயில் காலச் சமையலறை எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, இந்த நேரம் கூடிக்கொண்டே போகும். மதியம் ஒரு மணி நேரம் மேசையில் இருந்த குழம்பு, ஃப்ரிட்ஜுக்குப் போய் ராத்திரி மறுபடி ஒரு மணி நேரம் வெளியே இருந்தால் அது இரண்டு மணி நேரம். ஃப்ரிட்ஜுக்குள் போனதும் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்துவிடாது.

சூடாகவே ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

‘சூடா வச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுப்போயிடும், நல்லா ஆறட்டும்’ என்று சொல்லி, மதியம் வைத்த சாம்பார் குண்டானை ராத்திரி வரை அடுப்பு மேடையிலேயே விடுவது பல வீடுகளில் நடக்கும். கொதிக்கக் கொதிக்க வைப்பதும் தப்பு, பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடேறிவிடும். முழுக்க ஆறும் வரை காத்திருப்பதும் தப்பு. ஆவி அடங்கி, பாத்திரத்தைக் கையால் தொட முடிகிற வெதுவெதுப்புக்கு வந்ததும் உள்ளே வைத்துவிடலாம்.

அந்த நிலைக்குச் சீக்கிரம் கொண்டுவர சில வழிகள்:

* ஒரு பெரிய குண்டானில் இருப்பதை இரண்டு மூன்று சிறிய, அகலமான டப்பாக்களில் பிரித்து ஊற்றுங்கள். உயரமான பாத்திரத்தில் வெளிப்பக்கம் ஆறினாலும் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும்.
* சாதத்தை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். புளியோதரைக்கு ஆற வைப்போமே, அதே முறைதான்.
* குழம்பு, பருப்பு போன்றவற்றை, குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய பெரிய பேசினுக்குள் பாத்திரத்தோடு இறக்கி, அவ்வப்போது கிளறிவிடுங்கள்.

சாதத்தை ஒரு மணி நேரத்துக்குள் ஆற வைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், ஒரே நாளில் தீர்க்க வேண்டும் என்பது பிரிட்டனில் தரப்படும் அறிவுரை. சமைத்த மற்ற உணவுகளுக்கு மூன்று, நான்கு நாள் வரை அமெரிக்க வேளாண் துறை அனுமதிக்கிறது. ஞாயிறு சமையல் வியாழனைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் போதும். சாதத்தை மட்டும் அன்றன்றைக்கு வடிப்பது நல்லது. ஒருவருக்குக் குக்கரில் சாதம் வைக்க இருபது நிமிடம்கூட ஆகாது.

அப்போ பழைய சோறு?

நியாயமான கேள்வி. ராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிட்டுத்தானே தலைமுறைகள் வளர்ந்தன?

பழைய சோற்றில் வேலை செய்வது வேறு கூட்டம். தண்ணீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி, சோற்றைப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பு கூடக் கூட, பேசிலஸ் சீரியஸ் போன்றவற்றுக்கு அங்கே பெருகுவது கஷ்டமாகிவிடும். ஆனால் இதிலும் நேரம் முக்கியம். ராத்திரிச் சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் சாப்பிடுவதுதான் பழக்கம். மதியம் வடித்து, ராத்திரி வரை வெறுமனே கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினால், அதற்குள் உருவாகியிருக்கும் நச்சைப் புளிப்பு நீக்காது.

இட்லி, தோசை மாவுக்கும் இதே அறிவியல்தான். உளுந்தோடு இயல்பாகவே வரும் ‘லூகோநாஸ்டாக்’ போன்ற பாக்டீரியாக்கள் மாவைப் பொங்க வைத்துப் புளிக்கவும் வைக்கின்றன. அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவு 4.5-ஐ ஒட்டி இறங்கிவிடும். அதனால்தான் மாவு ஃப்ரிட்ஜில் பல நாள் தாங்குகிறது. கடையில் பாக்கெட் மாவு வாங்குபவர்கள், அது குளிர்பெட்டிக்குள் இருக்கிறதா, அரைத்த தேதி அச்சாகியிருக்கிறதா, பாக்கெட் உப்பியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சட்னிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஈரம் அதிகம், புளிப்பு குறைவு, பெரும்பாலும் சமைக்காதது. காலையில் அரைத்ததை மதியம் வரை வெளியே வைக்காதீர்கள். தேங்காயைத் துருவி, சிறு சிறு பொட்டலமாக ஃப்ரீஸரில் வைத்துவிட்டால் தேவைப்படும்போது மட்டும் அரைத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஃப்ரிட்ஜுக்குள் எத்தனை டிகிரி?

பெல்ஜியம் வீட்டு ஃப்ரிட்ஜ் 14 டிகிரியில் இருந்தது. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் எவ்வளவில் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. உள்ளே திருகியில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி கிடையாது. பெரும்பாலான மாடல்களில் எண் கூடினால் குளிர்ச்சி கூடும். ஆன்லைனில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி நடுத் தட்டில் வைத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். 5 டிகிரிக்குக் கீழே காட்ட வேண்டும்.

* கதவுப் பகுதி திறக்கும்போதெல்லாம் சூடாகும் இடம். பால் பாக்கெட்டை அங்கே வைக்காமல் உள் தட்டில் வையுங்கள். ஊறுகாய், சாஸ், தண்ணீர் பாட்டில் கதவுக்குப் போகட்டும்.
* பச்சைக் கறியும் மீனும் மூடிய டப்பாவில், கீழ்த் தட்டில். அதன் தண்ணீர் சமைத்த உணவு மேல் சொட்டினால், சமைத்ததே வீண்.
* சந்து இல்லாமல் அடைத்தால் குளிர்காற்று சுற்றாது. மாசக்கணக்கில் தொடாத டப்பாக்களை முதலில் காலி செய்யுங்கள்.

மின்வெட்டு வந்தால்? கதவைத் திறக்காமல் விட்டால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்துவைக்கும். நிறைந்த ஃப்ரீஸர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் ஃப்ரிட்ஜில் இருந்த கறி, மீன், பால், சமைத்த உணவு ஆகியவற்றைத் தூக்கிப்போடுவதுதான் சரி. மனசு வராது, ஆனாலும் வேறு வழியில்லை.

பாக்கெட் பாலைக் காய்ச்ச வேண்டுமா?

பாக்கெட் பால், 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்குவது போன்ற முறையில் பதப்படுத்தப்பட்டுத்தான் வருகிறது. தொடர்ந்து குளிரில் இருந்திருந்தால் காய்ச்சாமலே குடிக்கலாம். ஆனால் விடியற்காலையில் கடை வாசலில் டிரேயிலும், நம் வீட்டு வாசல் பையிலும் அது எத்தனை நேரம் கிடந்தது என்று நமக்குத் தெரியாது. அதனால் காய்ச்சுவது நல்லது. காய்ச்சியதை ஆற வைத்து உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் யுஎச்டி பால் மட்டும் பிரிக்கும் வரை வெளியே இருக்கலாம். பிரித்துவிட்டால் அதுவும் சாதாரணப் பால்தான்.

கடையிலேயே தொடங்கும் கணக்கு

சில உணவுகளில் நம் கைக்கு வரும் முன்பே விஷயம் முடிந்திருக்கும்.

மீன்: மத்தி, அயிலை, சூரை போன்ற மீன்களில் ‘ஹிஸ்டிடின்’ என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் ஐஸில் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ‘ஹிஸ்டமின்’ ஆக மாற்றிவிடும். சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். பலரும் இதை ‘எனக்கு மீன் அலர்ஜி’ என்று நினைத்துக்கொள்வார்கள். ஹிஸ்டமினும் சூட்டுக்கு அழியாது. கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, சதை அழுத்தினால் மீண்டும் எழும்பும்படி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மீன் ஐஸில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோழி: குழாயை முழுசாகத் திறந்து கழுவினால் கறியில் இருக்கும் கிருமிகள் சிங்க், பாத்திரம், காய்கறி என்று தெறிக்கும். கழுவ வேண்டாம் என்பதுதான் உணவுப் பாதுகாப்பு அமைப்புகளின் அறிவுரை. கழுவாமல் மனசு ஒப்பவில்லை என்றால், ஒரு பாத்திரத் தண்ணீரில் மெதுவாக அலசி, பிறகு சிங்க்கைச் சோப்பு போட்டுத் தேய்த்துவிடுங்கள். ஃப்ரீஸரில் இருக்கும் கறியை முந்தின நாள் ராத்திரியே கீழ்த் தட்டுக்கு மாற்றுங்கள். மேடையில் வைத்து உருக விடாதீர்கள்.

நிலக்கடலை: 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மர்மமாகச் செத்தன. தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கிய நச்சுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதுதான் கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புடைய ‘அஃப்லடாக்ஸின்’. வறுத்தாலும் முழுசாகப் போகாது. சுருங்கிய, நிறம் மாறிய, பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறியுங்கள். நல்லதைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் படாமல் வையுங்கள். பிரெட்டில் பூசணம் தெரிந்தாலும் அந்தத் துண்டை மட்டும் கிள்ளிப் போட்டால் போதாது. அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். முழு பாக்கெட்டையும் போட்டுவிடுங்கள்.

முட்டை: தண்ணீரில் போட்டால் மிதப்பது பழைய முட்டை என்பது சரிதான். ஆனால் மூழ்குவதெல்லாம் கிருமி இல்லாதது என்று அர்த்தமில்லை. மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேக வைப்பதே பாதுகாப்பு.

எல்லாமே ஃப்ரிட்ஜுக்குப் போகணுமா?

வேண்டாம். உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது சீக்கிரம் கறுத்துவிடும். காற்றோட்டமான, இருட்டான இடம் போதும். வெளிச்சம் பட்டுப் பச்சையானதில் ‘சோலனைன்’ என்ற நச்சு கூடியிருக்கும், தவிர்த்துவிடுங்கள். வெங்காயத்தைத் தனிக் கூடையில், ஈரமில்லாமல் வையுங்கள். தக்காளி குளிரில் மணத்தை இழக்கும். பழுக்காததை வெளியே வைத்து, நன்றாகப் பழுத்ததை மட்டும் உள்ளே வைக்கலாம். வாழைப்பழத்தின் தோல் குளிரில் கறுத்துவிடும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

வாந்தி, பேதி என்றால் முதலில் ஓஆர்எஸ் கரைசல் குடித்து நீர்ச்சத்தைக் காப்பாற்றுங்கள். வாந்தி நிற்காமல் போனால், மலத்தில் ரத்தம் வந்தால், காய்ச்சல் அதிகமானால், சிறுநீர் குறைந்தால், ஆள் மயக்கமாகத் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் விஷயத்தில் காத்திருக்கவே வேண்டாம்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று

ஒரு மாஸ்க்கிங் டேப்பும் பேனாவும் வாங்கி ஃப்ரிட்ஜ் மேலே வையுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் சமைத்த நாளையும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். ஒரே ஃப்ளாட்டில் நாலு பேர் தங்கியிருந்தால் இது இன்னும் அவசியம், ஏனென்றால் அந்த டப்பா எப்போது உள்ளே போனது என்பது வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. ‘இது எப்போ வச்சது?’ என்ற கேள்விக்குப் பதில் எழுதியிருக்காத டப்பாவை, யோசிக்காமல் குப்பையில் போட்டுவிடலாம்.